நாலாவது ஆளின் ஊர்

முதல் நாள்: கிரனாடா

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் சாச்சா. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு தடவையாவது அந்தச் செய்தியைப் போட்டுவிடுவார்: "அமெரிக்காவைக் கண்டுபிடித்தது கொலம்பஸ் அல்ல, முஸ்லிம்கள்! அதிகம் பகிரவும்." கொலம்பஸின் கப்பல் தலைவர்களான பின்சோன் சகோதரர்கள் மொராக்கோ சுல்தானின் வாரிசுகளாம். கியூபாவின் மலை உச்சியில் பள்ளிவாசல் இருந்ததாம். "ஆதாரம் என்ன சாச்சா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "நீதான் ஊர் ஊரா சுத்துறியே தம்பி, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். வீட்டுக்காரிக்கும் லீவு கிடைத்தது. கிளம்பிவிட்டோம்.

ஸ்பெயினின் கிரனாடாவுக்கு வருகிறவர்கள் நேரே அல்ஹம்ப்ரா அரண்மனை மேட்டுக்கு ஏறுவார்கள். நாங்கள் முதலில் கீழே ஹெனில் ஆற்றங்கரைக்குப் போனோம். போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவில் நம்ம ஊர் தர்கா போலச் சின்னதாக ஒரு கட்டடம். முஸ்லிம்கள் கட்டியது, பிறகு செபஸ்தியார் பெயரில் சிற்றாலயம் ஆனது. 1492 ஜனவரி 2 அன்று கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ் ஸ்பானிய ராஜா ராணியிடம் நகரத்துச் சாவியைக் கொடுத்தது இங்கேதான் என்று கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் கொலம்பஸும் இருந்தார். அல்ஹம்ப்ரா கோபுரங்களில் அரசக் கொடி ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கடற்பயண நாட்குறிப்பின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறார். நாட்குறிப்பின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. லாஸ் கசாஸ் பாதிரியார் எடுத்துவைத்த சுருக்கம்தான் நம்மிடம் இருக்கிறது. இந்த ஆறு நாளும் அது என் கைப்பேசியில் கூடவே வரும்.

மதியம் பஸ் பிடித்து சாந்தா ஃபே போனோம். கிரனாடாவை முற்றுகையிட்ட படை தங்குவதற்காகக் கட்டிய ஊர். சிலுவை வடிவில் தெருக்கள், வாசல்களின் மேல் ஆலயங்கள். கொலம்பஸோடு ராணியும் ராஜாவும் ஒப்பந்தம் போட்டது இங்கே, 1492 ஏப்ரல் 17. அதில் அவர் கேட்டு வாங்கிய பட்டம் 'அல்மிராந்தே', அதாவது கடல் தளபதி. சொல்லின் வேர் அரபியின் 'அமீர்'. முஸ்லிம் ராஜ்ஜியத்தைத் தோற்கடித்த பாசறையில் உட்கார்ந்து ஓர் அரபுப் பட்டத்துக்காகப் பேரம் பேசியிருக்கிறார் மனுஷன்.

எங்கள் வீட்டு ஆட்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உம்மும்மா ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு நினைவிருக்கிறதா? எழுத்து அரபி, படித்தால் தமிழ். இங்கேயும் அதேபோல இருந்திருக்கிறது. கட்டாய மதமாற்றத்துக்குப் பிறகு ரகசியமாக மார்க்கத்தைக் காத்தவர்கள் ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதி வைத்தார்கள். 1884இல் அல்மோனசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது பொய்த்தளத்துக்குள்ளிருந்து அப்படிப்பட்ட ஏடுகள் கட்டுக்கட்டாக விழுந்தன. அதைப் படித்ததிலிருந்து பழைய வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கத் தோன்றுகிறது.

இரண்டாம் நாள்: செவில்

கதீட்ரலுக்குள் ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு முற்றம். முன்னாளில் பெரிய பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் முற்றம். மணிக்கோபுரமான ஹிரால்தா, அந்தப் பள்ளிவாசலின் மினாரா. முற்றத்தை ஒட்டித்தான் கொலம்பஸின் மகன் எர்னாந்தோ சேர்த்த நூலகம் இருக்கிறது. அப்பா படித்த புத்தகங்கள் அவர் ஓரங்களில் கிறுக்கிய குறிப்புகளோடு அங்கே பத்திரமாக இருக்கின்றன. நாங்கள் உள்ளே போகவில்லை. ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கிறுக்கல்களைப் பற்றி வீட்டுக்காரிக்கு வகுப்பு எடுத்தேன்.

சாச்சாவின் செய்தியில் இல்லாத, ஆனால் உண்மையான விஷயம் அந்த ஓரக்குறிப்புகளில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் வானியல் அறிஞர் அல்ஃபர்கானி. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை என்பது 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்ற கணக்கை அவர் நூல் வழியாகத்தான் ஐரோப்பா படித்தது. கொலம்பஸ் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார். எண் சரி, மைல்தான் தப்பு. அரபு மைல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவர் நினைத்ததோ ஏறக்குறைய 1,480 மீட்டர் கொண்ட ரோமானிய மைல். பட்டணம் படிக்கு விலை பேசிவிட்டுச் சின்னப் படியில் அளந்து வாங்கிய கதை. பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரிலிருந்து 30,000 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அது போதாதென்று ஆசியாவையும் கிழக்கே இழுத்துவிட்டார். கனேரித் தீவுகளிலிருந்து ஜப்பான் சுமார் 4,400 கிலோமீட்டர் என்று முடிவுகட்டினார். நிஜத்தில் 19,000க்கு மேல். நடுவில் ஒரு கண்டம் குறுக்கிட்டிருக்காவிட்டால் குடிக்கத் தண்ணீர் இல்லாமலே செத்திருப்பார்கள்.

"அப்போ அரபிக் கணக்கைச் சரியாப் படிச்சிருந்தா அவர் கிளம்பியே இருக்க மாட்டார்" என்றாள் இவள். இதை எப்படி சாச்சாவுக்கு ஃபார்வர்டு செய்வது?

சாயங்காலம் பாலம் தாண்டி திரியானா. 1492 அக்டோபர் 12, அதிகாலை இரண்டு மணிக்கு பின்தா கப்பலிலிருந்து "நிலம்!" என்று கத்திய ரோத்ரிகோவுக்கு இங்கே சிலை. முதலில் பார்ப்பவருக்கு வருஷம் 10,000 மராவெதி என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. முந்தைய இரவே தான் ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொல்லி அந்தப் பணத்தைக் கொலம்பஸ் வாங்கிக்கொண்டார். ஓவியேதோ என்ற அக்காலச் சரித்திரக்காரர், வெளிச்சத்தை முதலில் கண்டவன் லெப்பே ஊர் மாலுமி என்றும், பரிசு கைநழுவிய கோபத்தில் அவன் ஆப்பிரிக்காவுக்குப் போய் மதம் மாறிவிட்டான் என்றும் எழுதுகிறார். அந்த மாலுமியும் ரோத்ரிகோவும் ஒரே ஆள் என்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. "லெப்பே ஊர்க்காரன் கடைசியில லெப்பை ஆயிட்டானா!" என்று வீட்டுக்காரி சிலைக்கு முன்னால் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரி, மதம் மாறினது உண்மையாகவே இருந்தாலும் திரும்பி வந்த பிறகுதானே? கப்பலில் இருந்தபோது இல்லையே.

மூன்றாம் நாள்: பாலோஸ், லா ரபிதா

உவெல்வா வந்து அங்கிருந்து இன்னொரு பஸ். வழி முழுக்க பிளாஸ்டிக் கூடாரங்கள், உள்ளே ஸ்ட்ராபெரி. பஸ்ஸில் பாதிப் பேர் தலையில் முக்காடும் அதன்மேல் வைக்கோல் தொப்பியும் போட்ட பெண்கள். பழம் பறிக்க மொராக்கோவிலிருந்து சீசனுக்கு வருகிறவர்கள். பக்கத்து சீட்டு அம்மாவிடம் ஸலாம் சொன்னேன். அவர் கடகடவென்று அரபியில் ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஓதத்தான் தெரியும், பேசத் தெரியாது என்பதைக் கையைக் காட்டிப் புரியவைத்தேன். சிரித்துவிட்டு இவள் மடியில் நாலு பழம் வைத்தார். விரல் நுனியெல்லாம் சாயம் பிடித்த மாதிரி சிவப்பு.

பாலோஸ் துறைமுகம் இப்போது துறைமுகம் இல்லை. மண் தூர்ந்து கோரை முளைத்துக் கிடக்கிறது. 1492 ஆகஸ்ட் 3 அன்று மூன்று கப்பல்கள், ஏறத்தாழ 90 பேர் கிளம்பிய இடம். கப்பல்களுக்குத் தண்ணீர் மொண்டதாகச் சொல்லும் கிணறு இன்னும் இருக்கிறது. அதைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் வளைவு வைத்த சிறிய மண்டபம். சான் ஹோர்ஹே ஆலயத்தின் பக்கவாசலும் அதே செங்கல் வேலை. மாலுமிகள் அந்த வாசல் வழியாகத்தான் துறைக்கு இறங்கினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. இந்தப் பாணிக்கு 'முடேஹர்' என்று பெயர். கிறிஸ்தவ ஆட்சிக்குக் கீழே தங்கிவிட்ட முஸ்லிம் கொத்தனார்களின் கைவேலை, அவர்களிடம் கற்றவர்களின் கைவேலை. வாசலில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். செங்கல்லுக்குச் செங்கல் சுண்ணாம்பு இடைவெளி ஒரே அளவு. நூல் பிடித்து நிதானமாகக் கட்டியிருக்கிறான் எவனோ.

கொலம்பஸ் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கிய மடம் லா ரபிதா. பெயரிலேயே 'ரிபாத்' இருக்கிறது. எல்லைக்காவலும் வணக்கமுமாக இருந்தவர்கள் தங்கும் இடத்துக்கு அரபியில் அப்படித்தான் பெயர். பிரான்சிஸ்கன் துறவிகள் வந்தபிறகும் பெயர் மாறவில்லை. உள்முற்றத்திலும் அதே செங்கல் வேலைதான். ரொம்ப நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

கீழே ஆற்றோரம் கப்பல்களின் மாதிரிகளைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், 1992இன் ஐந்நூறாம் ஆண்டுக்காகச் செய்தவை. ஏறினால் மனசு திக்கென்கிறது. தூத்துக்குடி விசைப்படகைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த நீன்யா அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அடுப்பு வைக்க ஒரு மணல் பெட்டி, படுக்கத் திறந்த பலகைத் தளம்.

சாச்சாவின் பட்டியலை இங்கேதான் பிரித்துப் பார்த்தேன். பின்சோன் சகோதரர்கள் பாலோஸ் ஊர்க்காரர்கள், கிறிஸ்தவர்கள். சுல்தான் வம்சம் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. கியூபாப் பள்ளிவாசலின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1492 அக்டோபர் 29 அன்று நாட்குறிப்பில் கொலம்பஸ் ஒரு மலையை வருணிக்கிறார்: அதன் உச்சியில் இன்னொரு சிறு குன்று, "அழகிய பள்ளிவாசல் போல" என்று. போல! உவமை உருபைத் தின்றுவிட்டு மீதியை ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள். சாச்சா மட்டும் இல்லை, 2014இல் துருக்கி அதிபர் எர்டோகனே மேடையில் இதைச் சொன்னார். முகத்தில் சந்திரனைத் தேட நம்ம ஊரில் யாரும் தொலைநோக்கி எடுத்துக்கொண்டு போவதில்லை.

ஆனால் அந்தக் கப்பலில் அரபி இருந்தது, லூயிஸ் தெ தோரெஸின் நாவில். அவர் முஸ்லிம் அல்ல. கிறிஸ்தவராக மாறிய யூதர். எபிரேயம், கல்தேயம், கொஞ்சம் அரபி தெரியும் என்று நாட்குறிப்பு சொல்கிறது. நவம்பர் 2 அன்று கொலம்பஸ் அவரையும் ஒரு துணையாளையும் கியூபாவின் உள்பகுதிக்குத் தூது அனுப்பினார், அங்கே சீனத்துக் கான் இருப்பான் என்று நம்பி. இருந்தது சுமார் 50 வீடுகள் கொண்ட ஒரு ஊர். அங்கே அவர் அரபியில் வாய்திறந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தாயினோ மக்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மரியாதையாக உட்காரவைத்து உபசரித்தார்கள். இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகையை இழுக்கும் ஆட்களைப் பார்த்துவிட்டுத் தூதர்கள் திரும்பினார்கள்.

கேட்கும்போது கோமாளித்தனமாக இருக்கிறது. ஆனால் அவர் போக நினைத்த திசைக்கு அது சரியான மொழிதான். கொலம்பஸ் குறிப்பெழுதிய புத்தகங்களில் மார்க்கோ போலோவும் ஒன்று. அதில் எங்கள் பக்கத்துக் 'காயில்' வருகிறது, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்திறங்கும் துறையாக. (அது பழையகாயலா காயல்பட்டினமா என்ற சண்டையை ஊரில் வைத்துக்கொள்ளலாம்.) 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறக்கிவிட்ட ஆளை எதிர்கொண்டவர்கள் இரண்டு துனிசியா முஸ்லிம்கள். "எந்தச் சைத்தான் உன்னை இங்கே கொண்டுவந்தான்?" என்று ஸ்பானிய மொழியிலேயே கேட்டார்கள். தோரெஸ் எங்கள் கரையில் வந்து இறங்கியிருந்தால் பத்து நிமிஷத்தில் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். கடல் மாறிப்போனதுதான் தப்பு. அவர் ஊர் திரும்பவே இல்லை. அந்தப் பயணத்தில் கொலம்பஸ் கட்டிய நவிதாத் கோட்டையில் விட்டுச் சென்ற ஆட்களில் ஒருவர், எல்லோரோடும் அங்கேயே இறந்துபோனார்.

நான்காம் நாள்: சான்லூகார்

குவாதல்கிவீர் கடலில் சேரும் இடம். பெயர் 'வாதி அல்கபீர்', பெரிய ஆறு. அக்கரையில் தொன்யானா காடு. இந்தக் கரையில் இறால் வறுக்கும் வாசனை. இரண்டு தட்டு காலி செய்தோம். மற்ற கடைகளில் எல்லாம் பன்றித் தொடை தொங்கும் நாட்டில் கடலோர ஊர்தான் எங்களுக்குக் கொண்டாட்டம்.

இங்கே பார்க்க வந்தது தண்ணீரை மட்டும்தான். 1527 ஜூன் 17 அன்று நார்வாயெஸ் என்பவர் தலைமையில் ஐந்து கப்பல்கள், சுமார் 600 பேர் இங்கிருந்து ஃபுளோரிடாவை நோக்கிக் கிளம்பினார்கள். அதில் தொரான்தெஸ் என்ற தளபதிக்கு ஓர் அடிமை. எஸ்தேபானிகோ என்று கூப்பிட்டார்கள். 'குட்டி ஸ்தேவான்' என்று வைத்துக்கொள்ளலாம்.

முஸ்லிம்களோ யூதர்களோ, புதிதாக மதம் மாறியவர்களோகூட அமெரிக்கப் பக்கம் போகக் கூடாது என்று 1501லேயே அங்கே ஆளுநராகப் போன ஒவாந்தோவுக்கு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். அதே உத்தரவில் ஒரு சந்து: கிறிஸ்தவர் கையில் பிறந்து வளர்ந்த கறுப்பு அடிமைகள் போகலாம். அந்தச் சந்து பிறகு பெருவழியாகிவிட்டது. செனகல் பக்கத்து வொலொஃப் மக்களை நேராகவே ஏற்றினார்கள். அவர்களிடையே இஸ்லாம் ஏற்கெனவே பரவியிருந்தது. 1521 கிறிஸ்துமஸ் சமயத்தில் சாந்தோ தொமிங்கோவில், கொலம்பஸின் மகன் தியேகோவின் கரும்புத் தோட்டத்திலேயே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முன்னின்றவர்களில் வொலொஃப்கள் இருந்தார்கள். பிறகு அவர்களைக் கொண்டுவரக் கூடாது என்று ஆணைமேல் ஆணை. அடுத்தடுத்து தடை போட வேண்டியிருந்தது என்றால் தடை எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

ஐந்தாம் நாள்: கடல் தாண்டி

தாரிஃபாவிலிருந்து ஃபெர்ரி. ஒரு மணி நேரம்தான், அலை மட்டும் வஞ்சனை இல்லாமல் அடித்தது. இவளுக்கு வாந்தி. தாஞ்சியரில் புதினா டீ குடித்ததும் தெளிந்தாள். அதிவேக ரயிலில் காசாபிளாங்கா. ராத்திரி தூக்கம். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள்: அஸெமூர்

காசாபிளாங்காவிலிருந்து பங்கு டாக்சி. டிரைவரோடு ஏழு பேரை அடைத்துக்கொண்டுதான் கிளம்பும். ஒன்றரை மணி நேரத்தில் உம்முர் ரபீஆ ஆற்றுப் பாலம் வந்தது. அக்கரையில் வெள்ளையும் மஞ்சளுமாகச் சுவர்கள், அதன் மேல் வீடுகள்.

1513இல் போர்த்துக்கல் பெரும்படையோடு வந்து இந்த ஊரைப் பிடித்தது. அதற்கு முன்பே ஊர் அவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தது, மீனாக! இந்த ஆற்றில் கடலிலிருந்து ஏறி வரும் ஒரு மீன், வருஷம் பத்தாயிரம். அது என்ன மீன் என்று தேடிப் பார்த்தால் நம்ம உள்ளம் மீனின் (ஹில்சா) சொந்தக்காரன். மேலே அணைகள் வந்தபின் வரத்து நின்றுபோய்விட்டது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவரிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். "ஷாபெல்!" என்றார். அப்புறம் கையை விரித்து, இல்லை என்று காட்டினார்.

1521ஐ ஒட்டி இந்தப் பக்கம் கடும் வறட்சி, பஞ்சம். சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். அந்தச் சமயத்தில் கப்பலேறியவர்களில் ஒருவன்தான் நம் ஆள் எஸ்தேபானிகோவாக இருக்க வேண்டும். ஸ்பெயினில் தொரான்தெஸ் கைக்கு வந்து, அங்கிருந்து சான்லூகார்.

கோட்டை மதில்மேல் உட்கார்ந்து மீதிக் கதையைப் படித்தோம். 1528 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் இறங்கி, தங்கம் தேடி உள்ளே நடந்தவர்கள் 300 பேர். கப்பல்கள் தவறிப்போயின. குதிரைகளை அடித்துத் தின்று, அதன் வாலையும் பிடரியையும் கயிறாக்கி, சட்டைகளைப் பாயாகத் தைத்து ஐந்து படகு செய்தார்கள். நவம்பரில் டெக்சாஸ் கரையில் மோதின. எட்டு வருஷம் கழித்து, கண்டத்தின் குறுக்கே நடந்து மெக்சிகோ வந்து சேர்ந்தவர்கள் நாலே பேர். மூன்று ஸ்பானியர்களும் இவனும். வழியெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பேசியவன் இவன்தான். "கறுப்பன்தான் அவர்களோடு எப்போதும் பேசினான், போகவேண்டிய வழியை விசாரித்தான்" என்று அந்த மூன்று ஸ்பானியர்களில் ஒருவரான கபேசா தெ வாகாவே எழுதுகிறார். தாங்கள் கௌரவம் காப்பதற்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்களாம். உள்ளே நடந்த முந்நூறு பேரில் நாலே பேர் மிஞ்சியபிறகு என்ன கௌரவமோ!

பிழைத்த மூன்று பேரும் எஜமானர்களாகவே திரும்பினார்கள். இவன் அடிமையாகவே திரும்பினான். 1539இல் வைசிராய் இவனை மார்கோஸ் பாதிரியாருக்கு வழிகாட்டியாக வடக்கே அனுப்பினார். முன்னே போய், சாதாரணச் செய்தி என்றால் கையகலச் சிலுவை அனுப்பு, பெரிய செய்தி என்றால் இரண்டு கையகலம் என்பது ஏற்பாடு. நாலு நாளில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலுவை வந்தது. அதற்கப்புறம் அவன் பாதிரியாருக்காகக் காத்திருக்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தான். இன்றைய நியூ மெக்சிகோவில் ஹவிக்கு என்ற, ஸூனி பழங்குடி மக்களின் ஊரில், அவன் முன்னால் அனுப்பிய சுரைக்குடுக்கையைத் தலைவர் வீசி எறிந்தார். அங்கேயே கொன்றார்கள்.

கபேசா தெ வாகாவின் புத்தகம் 1542இல் அச்சானது. கடைசிப் பக்கத்தில் பிழைத்த நாலு பேரின் விவரம். மற்றவர்களுக்குத் தகப்பன், ஊர் எல்லாம் உண்டு. கடைசி வரி: "நாலாவது ஆளின் பெயர் எஸ்தேபானிகோ. அரபு பேசும் கறுப்பன், அஸெமூர்க்காரன்." அவ்வளவுதான்.

மதினா எனப்படும் பழைய நகரத்துக்குள் ஒரு பெண் கதவுப்படியில் உட்கார்ந்து துணியில் பூவேலை செய்துகொண்டிருந்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் மட்டும், எதிரெதிராக இரண்டு பறவைகள். இந்த ஊருக்கே உரிய வேலைப்பாடு. இவள் ஒன்று வாங்கினாள். நான் கைப்பேசியில் பெயரைக் காட்டி எஸ்தேபானிகோவைத் தெரியுமா என்று கேட்டேன். "முஸ்தஃபா! முஸ்தஃபா அல்அஸெமூரி!" என்று மதில் பக்கம் கைகாட்டினார். இப்போது எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தக் காலத்து ஏடு எதிலும் அந்தப் பெயர் இல்லை. பின்னாளில் ஊர் அவனுக்கு வைத்துக்கொண்டது.

டாக்சி நிறுத்தத்துக்கு வந்து, சாச்சாவுக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குரல்செய்தி அனுப்பினேன். பள்ளிவாசல் இல்லை, பின்சோன் இல்லை, இந்த ஒரு ஆள் உண்டு என்று. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"சரி தம்பி. அந்தப் புள்ளைக்கு அவங்க உம்மா வச்ச பேரு என்னன்னு கேட்டியா?"

இன்னும் ஒரு ஆள் சேர்ந்தால்தான் டாக்சி எடுப்பார்களாம். நிழலில் உட்கார்ந்திருக்கிறோம்.